ஆறு வயதில் வரும் பல்

செங்கல்பட்டு மாவட்டத்தில் திருப்போரூர், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வண்டி வரும். டாக்டர், செவிலியர், மருந்தாளுநர் என்று ஒரு சிறு குழு இறங்கும். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். எடை, உயரம், கண், காது, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஆர்.பி.எஸ்.கே. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அது. 2013-ல் நாடு முழுக்கத் தொடங்கியது. அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை என்பது கணக்கு. அவர்கள் கையில் உள்ள பட்டியலில் முப்பது குறைபாடுகள் இருக்கின்றன. 19-ஆவது, பல் கோளாறு. 29-ஆவது, ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு.

பத்தொன்பதைப் பிடிப்பது சுலபம். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால் கறுப்பு தெரிந்துவிடும். இருபத்தொன்பது அப்படிச் சிக்காது. ஐந்து நிமிடம் வரிசையில் நின்றுவிட்டுப் போகிற பிள்ளையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. "இவன் ஒரு இடத்துல உக்கார மாட்டான் சார்" என்று டீச்சர் எடுத்துக்கொடுத்தால்தான் உண்டு. அதுவே ஒரு பெண்பிள்ளையாக இருந்து, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளாக இருந்தால், அதையும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த இரண்டு எண்ணும் ஒரே பிள்ளைக்கு விழும்போது, பல்லுக்கு ஒரு சீட்டு, கவனத்துக்கு ஒரு சீட்டு என்று இரண்டு இடங்களுக்கு எழுதிக் கொடுப்பார்கள். இரண்டும் வேறு வேறு உறுப்பு, வேறு வேறு டாக்டர். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரிகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பல் எப்படிச் சொத்தையாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பல்லின் மேல் ஓடான எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து இறுகிய படிகம். அவ்வளவு கடினமான அந்தப் படிகத்துக்கும் அமிலம் ஆகாது. அமிலத்தைத் தயாரிப்பவை நம் வாயிலேயே குடியிருக்கும் பாக்டீரியாக்கள். அவற்றில் முக்கியமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் 1924-லேயே அடையாளம் காணப்பட்டுவிட்டது. தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் பாசி பிடிப்பதுபோல் அவை பல்லின் மேல் படலமாகப் பிடித்துக்கொள்கின்றன. நாம் தின்னும் சர்க்கரையை அவையும் தின்று, லாக்டிக் அமிலத்தைக் கழிக்கின்றன.

1940-களில் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டீபன் என்ற ஆராய்ச்சியாளர் அந்தப் படலத்துக்குள் நுண்ணிய மின்முனையை வைத்து அமிலத்தன்மையை அளந்தார். சர்க்கரைத் தண்ணீரால் வாய் கொப்பளித்த சில நிமிடங்களிலேயே பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கியது. எனாமல் கரையத் தொடங்கும் எல்லை ஏறக்குறைய அதுதான். அதன்பின் எச்சில் மெதுவாக அமிலத்தை முறித்து, பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடித்தது. அந்த மீட்சியின்போது எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பப் பல்லில் ஏறுகின்றன. ஆக, பல் தினமும் கரைகிறது, தினமும் கட்டிக்கொள்கிறது. கட்டிக்கொள்ள நேரம் கிடைக்காத பல்தான் குழிந்துபோகிறது.

எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம் என்பது இதிலிருந்து வருகிறது. மதியச் சோறு முடிந்த கையோடு நான்கு தேன்மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதே நான்கை டவுசர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, இரண்டு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று தின்றால் நான்கு தாக்குதல். இடையில் எச்சிலுக்கு அவகாசமே இல்லை.

இந்த அறிவு எங்கிருந்து கிடைத்தது என்பது பெருமைப்படத்தக்க கதை அல்ல. ஸ்வீடனின் லுண்ட் நகரில் விபெஹோம் என்ற மருத்துவமனை இருந்தது. மனவளர்ச்சி குன்றியவர்களை அடைத்து வைத்திருந்த இடம். 1945 முதல் 1953 வரை அங்கே அவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினருக்குச் சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு வேளைகளுக்கு நடுவே, பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி தயாரித்த டாஃபியைக் கொடுத்தார்கள். முதல் பிரிவில் சொத்தை பெரிதாகக் கூடவில்லை. இரண்டாவது பிரிவில் பற்கள் மளமளவென்று அரித்துப் போயின. சம்மதம் என்ற பேச்சே எழவில்லை. அதற்குப் பிறகுதான் ஸ்வீடனில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் வேரூன்றியது. "நடுநடுவே இனிப்பு வேண்டாம்" என்று இன்று உலகம் முழுக்கப் பல் டாக்டர்கள் சொல்வதற்கு விலை கொடுத்தவர்கள் தங்கள் பல்லைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாதவர்கள். அந்த அறிவுரையைக் கடைப்பிடிக்க மிகவும் சிரமப்படுவதும் அதே மாதிரி உதவி தேவைப்படும் பிள்ளைகள்தான் என்பதை நினைத்தால் எனக்கு ஏனோ கோபம்தான் வருகிறது.

இனி 29-க்கு வருவோம். ஏ.டி.எச்.டி. மனவளர்ச்சிக் குறைபாடு அல்ல. இந்தப் பிள்ளைகளின் அறிவுக்கூர்மைக்கு எந்தக் குறையும் இல்லாமல் இருக்கலாம். 1902-லேயே லண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றிப் சொற்பொழிவுகளில் விவரித்திருக்கிறார். இன்றைய விதிப்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்; பள்ளி, வீடு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். கணக்கு டீச்சரிடம் மட்டும் சேட்டை செய்கிறவன் இதில் சேர மாட்டான். உலக அளவில் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகள் என்பது பொதுவான மதிப்பீடு. கோயம்புத்தூரில் 770 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை வைத்து எடுத்து 2013-ல் வெளியான கணக்கு 11 சதவீதத்துக்கு மேல் காட்டியது. கேள்வித்தாள் கொண்டு எடுக்கும் கணக்குகள் சற்றுத் தாராளமானவை. சிக்கனமாகவே பார்த்தாலும், நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள்.

அந்த இரண்டு பேரில் ஒருவனை இரவு ஒன்பதரை மணிக்கு நினைத்துப் பாருங்கள்.

"பல்லு வெளக்கினியாடா?"

"வெளக்கிட்டேம்மா."

வெளக்கியிருக்க மாட்டான். வேண்டுமென்று பொய் சொன்னான் என்றும் சொல்ல முடியாது. குளியலறைக்குப் போனான், வாளியில் ஒரு எறும்பு மிதந்தது, அதைக் கரையேற்றினான், திரும்பி வந்துவிட்டான். எதற்குப் போனோம் என்பது வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

இரவில் பல் துலக்குவது பெரியவர்களுக்கு ஒரு வேலை. உண்மையில் அது ஏழெட்டு வேலைகளின் கோவை. டி.வி.யை விட்டு எழ வேண்டும். பிரஷைத் தேட வேண்டும். பேஸ்ட்டை அளவாகப் பிதுக்க வேண்டும். உள்பக்கம், வெளிப்பக்கம், மேல்வரிசை, கீழ்வரிசை என்று எதையும் விடாமல் இரண்டு நிமிடம் அலுப்பான ஒரே காரியத்தைச் செய்ய வேண்டும். செய்தால் இன்றைக்கு எந்தப் பரிசும் இல்லை. செய்யாவிட்டால் இன்றைக்கு எந்த வலியும் இல்லை. பலன், பாதகம் இரண்டும் மாதக்கணக்கில் தள்ளி இருக்கின்றன. ஏ.டி.எச்.டி. மூளைக்கு மிகவும் கடினமான வேலை எது என்று கேட்டு ஒரு தேர்வு வடிவமைத்தால், இதைவிடப் பொருத்தமாக அமையாது. டோபமைன் என்னும் வேதிப்பொருள் வழியே இயங்கும் ஊக்குவிப்புச் சுற்று அவர்களிடம் உடனடிப் பலனுக்கே வேகமாக வேலை செய்கிறது. இது அடிப்படையில் காலத்தை உணர்வதில் உள்ள சிக்கல் என்று அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார். அவர்களுக்கு 'இப்போது' உண்டு. 'அப்புறம்' என்பது தெளிவில்லாத ஒன்று. சொத்தையோ முழுக்க முழுக்க 'அப்புறம்' வருகிற நோய்.

இது வெறும் ஊகம் அல்ல. ஸ்வீடனில் ப்ளூம்க்விஸ்ட் குழுவினர் 13 வயதுப் பிள்ளைகளிடம் விசாரித்தார்கள். தினமும் இரவில் பல் துலக்கியவர்கள் சாதாரணப் பிள்ளைகளில் 82 சதவீதம், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் 48 சதவீதம். ஒரு நாளில் ஐந்து தடவைக்கு மேல் எதையாவது தின்பதும் குடிப்பதும் இரண்டாவது பிரிவில்தான் அதிகம். படலம் துடைபடுவதில்லை, தாக்குதலின் எண்ணிக்கையும் கூடுகிறது. ஸ்டீபனின் கணக்குக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் ஒதுக்கி வைத்துவிடலாம். சர்க்கரை தின்றால் பிள்ளைகளின் துள்ளல் கூடும் என்று எல்லா அத்தைகளும் சொல்வார்கள். மார்க் வோல்ரைச் 1995-ல் அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, சர்க்கரைக்கும் நடத்தைக்கும் தொடர்பு எதுவும் தேறவில்லை. சர்க்கரை பிள்ளையின் மூளையைக் கெடுக்கவில்லை. பல்லைக் கெடுக்கிறது. இனிப்பைக் குறைக்க அந்த ஒரு காரணமே போதும்.

அப்படியானால் இவர்களுக்குச் சொத்தை எவ்வளவு அதிகம்? நியூஸிலாந்தில் இந்தக் கோளாறு உள்ள ஒரு பிள்ளை, இல்லாத ஒரு பிள்ளை என்று ஜோடி ஜோடியாக ஒப்பிட்டு 2004-ல் ஒரு ஆய்வு வெளியானது. சொத்தையான, அடைத்த, பிடுங்கிய பற்களின் எண்ணிக்கை மிகுதியாக இருப்பதற்கான வாய்ப்பு கோளாறு உள்ளவர்களுக்கு ஏறக்குறைய 12 மடங்கு என்றது அது. பெங்களூரில் நடந்து 2009-ல் வெளியான ஆய்விலும் சொத்தை கூடுதலாகவே இருந்தது. ஆனால் ஜெருசலேமில் 2011-ல் பார்த்தபோது சொத்தைக் கணக்கில் வித்தியாசம் இல்லை. பல்லில் படலம் மட்டும் கூடுதல். ஸ்வீடன் பிள்ளைகளிடம் 11 வயதில் தெரிந்த வித்தியாசம் 13 வயதில் மங்கிவிட்டது.

இப்படி ஊருக்கு ஊர் விடை மாறும்போது செங்கல்பட்டுக்காரர்கள் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. 1968-ல் தொடங்கிய புகழ்பெற்ற பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை இந்த மாவட்டத்தில்தான் நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் பங்கேற்றார்கள். பிரிட்டனில் காசநோயை நன்றாகத் தடுத்த அதே ஊசி, இங்கே பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பலன் காட்டவில்லை. ஒரு நாட்டு முடிவை இன்னொரு நாட்டுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது என்பதற்கு மருத்துவ உலகம் இன்றும் காட்டும் உதாரணம் அது. பல் விஷயத்திலும் அதே நிதானம் வேண்டும். ஸ்வீடனில் பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் இலவசம். ஒழுங்காகக் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். பிள்ளை மறந்தாலும் ஊர் மறப்பதில்லை, அதனால் வித்தியாசம் மங்குகிறது. நம் நாட்டிலோ 2002-03-ல் எடுத்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்புப்படி 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 சதவீதம் பேருக்குச் சொத்தை உண்டு. பாதிப் பேருக்கு ஏற்கெனவே இருக்கிற நோய் பன்னிரண்டு மடங்கு ஏற இடம் ஏது?

ஜெருசலேம் ஆய்வில் இன்னொரு தகவல் இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்குச் சும்மா இருக்கும்போது ஊறும் எச்சில் குறைவு. மருந்து சாப்பிடுபவர்கள், சாப்பிடாதவர்கள் இருவருக்குமே. பல்லை மீட்டெடுக்கும் வேலை முழுவதும் எச்சிலுடையது என்பதால் இது சின்ன விஷயமல்ல. மருந்துகளுக்கும் இதில் பங்கு உண்டு. மெத்தில்ஃபெனிடேட், அடோமாக்ஸெட்டின் இரண்டுமே வாயை உலர வைக்கக்கூடியவை. மெத்தில்ஃபெனிடேட் பகலில் பசியையும் மட்டுப்படுத்தும். மதியச் சாப்பாட்டு டப்பா பாதிக்குமேல் அப்படியே திரும்பி வரும். சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்கும்போது பசி மொத்தமாக எழும். டீயில் தோய்த்த பிஸ்கட், சிப்ஸ், ஜூஸ் பாக்கெட், இரவில் சர்க்கரை போட்ட பால் என்று படுக்கும்வரை வாய் ஓயாது. தூக்கத்தில் எச்சில் சுரப்பு ஏறக்குறைய நின்றே போய்விடும். கடைசியாகத் தின்றது பல்லில் இருக்க, துலக்காமல் படுத்தால், இரவு முழுக்க அமிலத்தை முறிக்க ஆள் இல்லை.

இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மருந்தால் கவனம் கூடுகிற பிள்ளை காலையில் ஒழுங்காகப் பல் துலக்கவும் கூடும். அடிக்கடி தண்ணீர் குடிக்க வைப்பது, மருந்துக்கு முன் வயிறாரக் காலைச் சாப்பாடு கொடுப்பது, சாயங்காலப் பசிக்குச் சுண்டல், முட்டை, தோசை மாதிரி ஒன்றை முன்கூட்டியே தயாராக வைப்பது என்பவை வீட்டில் ஆகிற காரியங்கள். இன்னொன்றும் உண்டு. நல்ல நடத்தைக்கு உடனே பரிசு கொடுங்கள் என்பது இவர்களுக்கான பயிற்சியின் அடிப்படைப் பாடம். நல்ல பாடம்தான். ஆனால் நம் ஊரில் பரிசு என்றால் சாக்லேட். ஹோம்வொர்க் முடித்தால் ஒன்று, சண்டை போடாமல் இருந்தால் ஒன்று. நாள் முழுக்க நன்றாக நடந்துகொண்ட பிள்ளையின் பல்தான் அதிகத் தாக்குதலை வாங்குகிறது! சைக்கிளில் ஒரு சுற்று, கேரம் ஒரு ஆட்டம் என்று பரிசை மாற்றிக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

எதிர்த் திசையிலும் பார்க்க வேண்டும். பல்வலியோடு இரவெல்லாம் புரண்ட பிள்ளை மறுநாள் வகுப்பில் கவனமில்லாமல்தான் இருப்பான். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு வீங்கி, வாயால் மூச்சு விட்டுக் குறட்டை விடும் பிள்ளைக்குத் தூக்கமும் கெடும், வாயும் உலரும். பகலில் அவனைப் பார்த்தால் ஏ.டி.எச்.டி. மாதிரியே இருக்கும். 29-ஐக் குறிப்பதற்கு முன்னால் குறட்டையைப் பற்றி அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

கடலோர மாவட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டுக் கடலைப் பற்றிப் பேசாமல் போகக் கூடாது. கோவளம், மாமல்லபுரம் மீனவர் வலையில் அவ்வப்போது சுறா விழும். பால்சுறா என்றால் புட்டு செய்வார்கள். அந்தச் சுறாவின் பல்லின் மேற்பூச்சு நம் எனாமலின் படிகம் அல்ல. ஃப்ளோரபடைட் என்ற, ஃப்ளூரைடு புகுந்த படிகம். நம் எனாமல் 5.5-ல் கரையத் தொடங்கினால், அது 4.5 வாக்கில்தான் கரையும். சுறாவுக்கு ஃப்ளூரைடு பஞ்சமில்லை: கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் உண்டு. நாம் ஃப்ளூரைடு பேஸ்ட்டால் பல் துலக்கும்போது நடப்பதும் இதுவேதான். எனாமலின் மேற்பரப்பில் ஒரு துளி சுறாத்தன்மை ஏறுகிறது.

அதே கடல் நீரை நெம்மேலியில் குடிநீராக்குகிறார்கள். 2013-ல் திறந்த ஆலை நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். 2024-ல் திறந்த இரண்டாவது ஆலை பதினைந்து கோடி. சவ்வு வழியே நீரை அழுத்தித் தள்ளும் அந்த முறை உப்போடு ஃப்ளூரைடையும் பெரும்பாலும் பிரித்துவிடும். வீட்டு ஆர்.ஓ. கருவியும், கேன் தண்ணீர்க் கம்பெனியும் செய்வது அதையே. தர்மபுரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்து பல்லில் கறை விழுகிறது. அங்கே அதை வடிகட்டுவது அவசியம். ஆனால் வடிகட்டிய நீரையே குடித்து வளரும் பிள்ளைக்கு ஃப்ளூரைடு கிடைக்கும் வழி ஏறக்குறைய பேஸ்ட் ஒன்றுதான். இந்திய விதிகள் பேஸ்ட்டில் 1000 பி.பி.எம். வரை அனுமதிக்கின்றன. படம் போட்ட சில குழந்தை பேஸ்ட்டுகளில் பாதிதான் இருக்கும். சிலவற்றில் இருக்கவே இருக்காது. டியூபின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதற்குமேல் பட்டாணி அளவு போதும். கரியும் செங்கல்பொடியும் எனாமலைத் தேய்க்குமே தவிரக் காக்காது.

இப்போது அந்த ஆறு வயதுப் பல்லுக்கு வரலாம். முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் ஏறக்குறைய ஆறு வயதில், பால்பல் வரிசைக்குப் பின்னால், சத்தமில்லாமல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பல வீடுகளில் அதையும் பால்பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். சொத்தையானால், "விழுந்து முளைக்கிற பல்லுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது. அறுபது, எழுபது ஆண்டுகள் மென்று தர வேண்டிய பல். முளைத்த புதிதில் அதன் எனாமல் முழுதாக முதிர்ந்திருக்காது; எச்சிலில் ஊறி, கனிமம் ஏறி இறுகச் சில ஆண்டுகள் ஆகும். மேற்பரப்பில் உள்ள பள்ளங்கள் பிரஷ் இழை நுழைய முடியாத அளவுக்குக் குறுகல். பக்கத்துப் பல்லின் உயரத்துக்கு வளர்ந்து சேர ஓராண்டுக்கு மேலும் ஆகும் என்பதால், பிள்ளை துலக்கினாலும் பிரஷ் அதன் தலைக்கு மேலேயே போய்விடும். அந்தப் பல்லுக்கு ஆபத்தான காலம், ஆறிலிருந்து ஒன்பது வயது.

அதே ஆறு வயதில்தான் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் உட்காருகிறான். உட்கார முடியவில்லை என்பது அப்போதுதான் தெரியவருகிறது. "பெரிய பையனாயிட்டே, நீயே வெளக்கிக்கோ" என்று வீட்டில் பிரஷைக் கையில் கொடுப்பதும் அப்போதுதான்.

2007-ல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஃபிலிப் ஷா குழுவினர் 223 ஏ.டி.எச்.டி. பிள்ளைகளின் மூளைப் படங்களையும், அதே எண்ணிக்கையில் மற்றப் பிள்ளைகளின் படங்களையும் ஒப்பிட்டார்கள். மூளையின் மேலுறை குழந்தைப் பருவத்தில் தடித்து, உச்சத்தைத் தொட்டு, பிறகு மெலியும். மேலுறையின் பாதி இடங்கள் அந்த உச்சத்தைத் தொட்ட வயது, மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை. ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்குப் பத்தரை. மூன்று ஆண்டுத் தாமதம். திட்டமிடுதல், அடக்கிக்கொள்ளுதல் முதலியவற்றைக் கவனிக்கும் நெற்றிப்புறத்தில்தான் தாமதம் மிக அதிகம். கை கால்களை இயக்கும் பகுதி மட்டும் இவர்களிடம் சற்று முன்னதாகவே முதிர்ந்திருந்தது. கட்டுப்படுத்துகிற இடம் பின்தங்க, ஓடச் சொல்கிற இடம் முந்திக்கொள்கிறது. வளர்ச்சியின் வழி ஒன்றுதான், நேரம்தான் தாமதம்.

எந்தப் பிள்ளைக்கும் ஏழெட்டு வயதுவரை பெரியவர்கள்தான் பல் துலக்கிவிட வேண்டும் என்பது குழந்தைப் பல் மருத்துவர்களின் பொது விதி. ஷாவின் மூன்று ஆண்டை அதோடு கூட்டிப் பாருங்கள். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்குப் பத்து, பதினோரு வயதுவரை இரவில் ஒருவர் கூட நிற்க வேண்டும். இது என் கூட்டல்தான். ஆனால் இதைச் செல்லம் கொடுப்பது என்று யாரும் சொல்ல முடியாது. பத்து வயதுப் பையனைப் பார்த்து "இன்னுமா நான் சொல்லணும்?" என்று கத்துகிற அம்மாவுக்குத் தெரிய வேண்டியது, ஆமாம், இன்னும்தான் என்பதே.

கூட நிற்பதிலும் முறை இருக்கிறது. சாப்பிட்ட உடனே, தூக்கமும் டி.வி.யும் பிடிப்பதற்கு முன்பே துலக்கிவிடுவது. "போய் ரெடியாகு" என்று மூட்டையாகச் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்வது. குளியலறைச் சுவரில் நான்கு படம் ஒட்டுவது. இரண்டு நிமிடப் பாட்டு ஒன்றைப் போட்டுவிடுவது. வீட்டில் ஆகாததைப் பள்ளியில் செய்யவும் முடியும். ஸ்காட்லாந்தில் மழலைப் பள்ளிகளிலேயே தினமும் ஆசிரியர் மேற்பார்வையில் பல் துலக்க வைக்கிறார்கள். நம் பள்ளிகளில் 2022-லிருந்து காலை உணவு கொடுக்கிறோம். தட்டுக் கழுவ வரிசையில் நிற்கும் அதே குழாயடியில் பிரஷுக்கும் இடம் உண்டு.

சிகிச்சைக்கு இந்த மாவட்டத்தில் இடப் பஞ்சம் இல்லை. காட்டாங்குளத்தூர், கேளம்பாக்கம், மேல்மருவத்தூர் என்று பல் மருத்துவக் கல்லூரிகள் நிறைய உண்டு. குழந்தைகளுக்கென்று தனித் துறையும் அவற்றில் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005-லிருந்து பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. ஒரு சங்கடம், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. அது மட்டுமே உள்ள பிள்ளைக்கு அடையாள அட்டை கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் வாலுப்பயல்.

பல் நாற்காலி அந்த வாலுப்பயலுக்கு இன்னொரு வகுப்பறை. அசையாதே, வாயை மூடாதே, இன்னும் கொஞ்ச நேரம். விவரமான டாக்டர் காலை நேரத்தில், மருந்து வேலை செய்யும்போது வரச் சொல்வார்; ஒரே நாளில் நான்கு பல்லை அடைக்காமல் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்வார்; கருவியை முதலில் சொல்லி, காட்டி, அப்புறம்தான் பயன்படுத்துவார். என்ன மருந்து சாப்பிடுகிறான் என்பதை அவரிடம் மறைக்கக் கூடாது, மரப்பு ஊசிக்கு அது தெரிய வேண்டும். சில்வர் டையமீன் ஃப்ளூரைடு என்ற திரவம் இத்தகைய பிள்ளைகளுக்காகவே வந்ததுபோல் இருக்கிறது. ஜப்பானில் 1970 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது. துரப்பணம் இல்லை, ஊசி இல்லை. சொத்தையில் ஒரு நிமிடம் தடவினால் அரிப்பு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். தடவிய இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும், அதுதான் அதன் விலை. முன்பல் என்றால் யோசிக்கலாம். விழப்போகிற பால் கடைவாய்ப்பல் கறுத்தால் யாருக்கு என்ன?

முன்பல் என்றதும் இன்னொன்று. இந்தப் பிள்ளைகள் விழுந்து பல் உடைத்துக்கொள்வதும் அதிகம். மாமல்லபுரத்துப் பாறைகளில் ஏறாதே என்று அவனிடம் சொல்லிப் பயனில்லை. நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கிருந்தால் லேசாக அலசி, பக்கத்துக் கடையில் ஒரு ஆவின் பாக்கெட் வாங்கி அந்தப் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் சேர்த்தால் திரும்பப் பொருத்த வாய்ப்புண்டு. பால்பல் என்றால் பொருத்த முயலக் கூடாது.

ஆறு வயதுப் பல்லின் பள்ளங்களை சீலன்ட் என்னும் பிசின் பூச்சால் மூடிவிடலாம். வலி கிடையாது. பல் முழுதாக வெளியே வந்ததும் செய்ய வேண்டியது, சொத்தை விழுந்த பிறகு அல்ல. பன்னிரண்டு வயதில் அடுத்த கடைவாய்ப்பல் வரும். பையன் அப்போது ஏழாம் வகுப்பில் இருப்பான். பக்கத்தில் நின்று துலக்கிவிட அம்மாவை விடமாட்டான். செல்போனில் அலாரம் வைக்கக் கற்றிருப்பான், அடித்ததும் அணைக்கவும் கற்றிருப்பான். அந்தப் பல்லுக்கும் பூச்சு தேவைப்படும். ஏழாம் வகுப்பு முடிந்து வருகிற மே மாதம் அதற்குத் தோதான சமயம்.